தனி வாளி

மருந்து பால் போல இருந்தது. சரிதா சிரிஞ்சை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"பேரைச் சொல்லுங்கப்பா."

"இப்பத்தானே சாமி சொன்னேன்."

"ஒவ்வொரு தடவையும் கேப்பேன். நீங்கதான் சொல்லணும்."

"தங்கசாமி. எருமப்பட்டி."

சரிதா அவருடைய மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற இன்னொரு நர்ஸ் மருந்தின் பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படித்தாள். அசாசிடிடின். சேலம் அஸ்தம்பட்டியில் இருந்த அந்தப் புற்றுநோய் மருத்துவமனையின் முதல் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில், தங்கசாமி வேட்டியைத் தளர்த்தி வயிற்றைக் காட்டிப் படுத்திருந்தார். தலைமாட்டில் அவருடைய மருமகள் யுவஸ்ரீ நின்றுகொண்டிருந்தாள். உட்கார நாற்காலி இருந்தது. அவளால் உட்கார முடியவில்லை.

"ஏனுங்க, எதுக்கு அதை உருட்டிக்கிட்டே இருக்கறீங்க?" என்று தங்கசாமி கேட்டார்.

"வெச்சா அடியில தங்கிடும்பா. உருட்டினாத்தான் ஒரே மாதிரி உள்ள போகும். கலக்கின மருந்தை ரொம்ப நேரம் வெச்சிருக்கவும் கூடாது. அதான் நீங்க வந்து படுத்த பிறகு கலக்கிக் கொண்டு வந்தோம்."

ஒரு ஊசி வயிற்றில், இன்னொன்று தொடையில். நாளைக்கு வேறு இடம். ஒரு வாரம் தினமும் வரவேண்டும், பிறகு மூன்று வாரம் ஓய்வு, மறுபடி ஒரு வாரம். சரிதா சொல்லிக்கொண்டே போட்டாள். தங்கசாமி பல்லைக் கடித்துக்கொண்டார், சத்தம் போடவில்லை. யுவஸ்ரீயின் கண் சரிதாவின் கைகளிலேயே இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறைகள். முன்னால் மறைக்கும் நீல அங்கி. இவள் தொடுவதற்கே இத்தனை பத்திரம் வேண்டிய ஒன்று மாமாவின் உடம்புக்குள் போகிறது என்று நினைத்தாள்.

ஊசி முடிந்ததும் சரிதா வீட்டில் செய்யவேண்டியதைச் சொன்னாள். ஊசி போடும் நாட்களிலும், கடைசி ஊசிக்குப் பிறகு இரண்டு நாளும் மருந்து உடம்பிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கும். சிறுநீர், மலம், வாந்தி, அவை பட்ட துணி எதையும் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. துணியைத் தனியாக, இரண்டு முறை துவைக்கவேண்டும். கழிவறையில் நிறையத் தண்ணீர் விடவேண்டும். காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்கக் கூடாது, உடனே கூப்பிடவேண்டும்.

"அப்புறம் ஒண்ணு. வீட்ல யாராவது மாசமா இருக்காங்களா? கைக்குழந்தைக்குப் பால் குடுக்கறவங்க?"

யுவஸ்ரீ வாயைத் திறப்பதற்குள் தங்கசாமி சொன்னார். குரலைத் தாழ்த்திச் சொன்னார், பின்னால் நிற்கும் மருமகளுக்கு அந்தக் கேள்வி வலித்துவிடக் கூடாதே என்று.

"அப்படி யாரும் இல்லீங்க சாமி. ஊட்டுல நானும் எம் மருமகளுந்தான்."

சரிதா தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். யுவஸ்ரீ அசையாமல் நின்றாள். சொல்லவேண்டிய நேரம் வந்து, அவள் கண் முன்னாலேயே தாண்டிப் போயிற்று.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவள் நாமக்கல்லுக்குப் போய், முகம் தெரியாத ஒரு மருந்துக் கடையில் சோதனைப் பட்டை வாங்கி வந்திருந்தாள். எருமப்பட்டியில் வாங்க முடியாது. கடைக்காரர் சொந்தம். பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. அதை அவள் நவநீதகிருஷ்ணனிடம்கூடச் சொல்லவில்லை. அவளுடைய கணவன் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில், ஜபல்பூர் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். சொன்னால் அன்றைக்கே வண்டியில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், அங்கிருந்து எருமப்பட்டிக்குச் செய்தி வர ஒரு மணி நேரம் ஆகாது. முதல் முறை அப்படித்தான் ஆயிற்று. இரண்டாம் முறை அவன் வாயை அடக்கினாலும் அவள் அம்மா அடக்கவில்லை. இரண்டு முறையும் கரு தங்கவில்லை. அதைவிட, பிறகு வந்து உட்கார்ந்த சனங்களைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒவ்வொருவரும் ஒரு கோயில் பெயர் சொன்னார்கள். வாயிலிருந்து வெளியே வந்தால் அது போய்விடும் என்று அவளுக்குள் ஒரு பயம் ஏறி உட்கார்ந்துவிட்டது. அது மடத்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை.

திரும்பும்போது அவள்தான் காரை ஓட்டினாள். மல்லூர் தாண்டியதும் தங்கசாமி அவள் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்.

"அந்தப் பொண்ணு கேட்டதை மனசுல வெச்சுக்காத அம்மணி. எல்லாத்துக்கிட்டயும் கேக்கறதுதான்."

"நானொண்ணும் நெனைக்கலீங் மாமா."

அன்று சாயங்காலம் அவருக்கு வாந்தி வந்தது. மாத்திரை போட்டும் நிற்கவில்லை. கட்டிலை விட்டு இறங்குவதற்குள் போர்வை, வேட்டி, தரை எல்லாம் ஆகிவிட்டது. யுவஸ்ரீ ஓடிவந்தாள். நின்றாள். திரும்பிப் போய்க் கையுறைகளை மாட்டிக்கொண்டு வந்து போர்வையின் ஒரு முனையைத் தூக்கினாள். வாடை முகத்தில் அடித்தது. காலையிலிருந்தே அடிவயிற்றில் புரண்டுகொண்டிருந்த குமட்டல் ஒரேயடியாக மேலே எழுந்தது. போர்வையைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாக ஓடி, தென்னைக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலோரம் குனிந்து அவளும் எடுத்தாள்.

நிமிர்ந்தபோது தங்கசாமி நிலையைப் பிடித்துக்கொண்டு கதவருகில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"நீ போயி மூஞ்சியைக் கழுவு அம்மணி. நாம் பாத்துக்கறேன்."

"இல்லீங் மாமா, நானே…"

"போ சாமி."

அவள் போனாள். கொஞ்ச நேரத்தில் பின்னால் குழாய் திறக்கும் சத்தமும், துணியைக் கல்லில் அடிக்கும் சத்தமும் கேட்டன. இரண்டடி அடித்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஓர் அடி. யுவஸ்ரீ அடுப்பின் முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கதவு வரை வந்தாள். ஒரு மாமனாரிடம் இதை எந்த வார்த்தையில் சொல்வது? மாமியார் வசந்தாமணி இருந்திருந்தால் சொல்லாமலே கண்டுபிடித்திருப்பாள். அவள் போய்ச் சில வருடம் ஆகிவிட்டது.

மறுநாள் சேலத்திலிருந்து வரும் வழியில் யுவஸ்ரீ ஒரு நீல வாளி வாங்கிப் பின்கட்டில் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"உங்க துணிக்குங் மாமா. தனியாத் தொவைக்கோணும்னு நர்ஸ் சொன்னாங்கள்ல."

அவர் வாளியையும் அவளையும் பார்த்தார். "சரி" என்றார். அன்றையிலிருந்து தன் துணியைத் தானே துவைத்தார். வேறு ஆளை வைக்கவும் வழியில்லை. தனக்கு வந்திருப்பது ரத்தப் புற்றுநோய் என்று ஊருக்குள் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். சர்க்கரைக்குத்தான் சேலம் போய்வருகிறார் என்று அக்கம்பக்கம் நம்பிக்கொண்டிருந்தது.

யுவஸ்ரீக்கு இருப்பே கொள்ளவில்லை. கூட்டிய வாசலையே மறுபடி கூட்டினாள். நின்றால், நடந்தால், உட்கார்ந்து எழுந்தால் ரத்தம் பட்டிருக்கிறதா என்று பாத்ரூமுக்குப் போய்ப் பார்த்தாள். போனை எடுத்து அந்த மருந்தின் பெயரைத் தேடினாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று ஒரு இடத்தில் போட்டிருந்தது. அதற்கு மேல் படிக்கப் பயந்து மூடிவைத்தாள். அரை மணி கழித்து மறுபடி திறந்தாள். எது தொட்டால் ஆபத்து, எது இல்லை என்று தெளிவாகத் தெரியாததால் எல்லாமே ஆபத்தாகத் தெரிந்தது. அவர் குடித்த டம்ளர். அவர் உட்கார்ந்த நாற்காலி. காரில் அவர் மூச்சு.

அவருக்குச் சோறு போட்டு முக்காலியில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். எச்சில் தட்டைக் கழுவப் பயந்து, பாக்குமட்டைத் தட்டு ஒரு கட்டு வாங்கி வந்தாள். முதல் நாள் அந்தத் தட்டைப் பார்த்ததும் தங்கசாமியின் கை ஒரு கணம் நின்றது. பந்தல் போட்டு ஊருக்கே சோறு போட்ட குடும்பம். சொந்த வீட்டில், தின்றதும் தூக்கி எறிகிற தட்டு. சாப்பிட்டு முடித்து, தானே கொண்டுபோய்க் குப்பைக் குழியில் போட்டார்.

ஒருநாள் மருத்துவமனையில் அவரைக் கட்டிலில் விட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலைக் காரில் மறந்துவிட்டேன் என்று சொல்லி வெளியே வந்து சரிதாவிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று வராந்தாவில் நின்றாள். சரிதா வந்தாள். ஆனால் கூடவே ஒரு அம்மாளும் மகனும் பேசிக்கொண்டே வந்தார்கள். அந்த மகன் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தான். யுவஸ்ரீ கொஞ்சம் காத்திருந்துவிட்டு, வெறும் கையோடு திரும்பி வந்தாள்.

"பாட்டல் எங்க அம்மணி?"

"கார்லயே குடிச்சுட்டேனுங் மாமா."

அவர் வேறு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கடைசி ஊசி போட்டு வந்த மறுநாள் தங்கசாமி தன் கட்டிலை வெளி அறைக்கு மாற்றிக்கொண்டார். கேட்டுக்குப் பக்கத்தில், முன்பு ரிக் வண்டி டிரைவர்கள் வந்தால் தங்கும் அறை அது. தனிக் குளியலறை உண்டு. மெத்தையை அவரே இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து யுவஸ்ரீ பதறினாள்.

"ஏனுங் மாமா இது? அங்க வெக்கையா இருக்கும்."

"காத்து வருது. உனக்கும் தொந்தரவில்ல."

"எனக்கென்னங் தொந்தரவு?"

அவர் மெத்தையை இழுத்துக்கொண்டே போனார். அவர் அங்கே இருப்பது ஒரு வகையில் அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது. அந்த ஆறுதல் அவளைக் குத்தியது. நவநீதகிருஷ்ணன் போனில் "அப்பன் எப்படி இருக்குது?" என்று கேட்டபோது, "நல்லா இருக்கறாங்க" என்றாள். அப்பனிடம் கொடு என்றால், தூங்குகிறார் என்றாள்.

அடுத்த வாரத்தில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கும், அப்போதுதான் பத்திரமாக இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யுவஸ்ரீ தெர்மாமீட்டரை அவர் அறை ஜன்னலில் வைத்தாள். காலையும் மாலையும் வாசலில் நின்று கேட்பாள். அவர் உள்ளிருந்து "காச்சல் இல்லை" என்பார்.

அன்று காலை அவர் பேப்பர் எடுக்க வரவில்லை. காப்பி ஆறிப்போயிற்று. யுவஸ்ரீ வாசலில் போய் நின்றாள்.

"மாமா, எந்திரிச்சுட்டீங்களா?"

"ஆமா அம்மணி. செத்த படுத்திருக்கறேன்."

வீட்டுக்குள் வந்தாள். இட்லிப் பானையை அடுப்பில் வைத்தாள். அணைத்தாள். மறுபடி போனாள்.

"மாமா, காப்பி கொண்டாரட்டுங்களா?"

"பொறவு குடிக்கறேன்."

மறுபடி திரும்பினாள். பாதி வாசலில் நின்றுவிட்டாள். 'பொறவு' என்ற சொல் இரண்டு துண்டாக வந்திருந்தது. பல் அடித்துக்கொண்டு வந்த சொல். அவள் திரும்பிப் போய்க் கதவைத் தள்ளினாள்.

வெயில் ஏறிய அந்த அறையில் தங்கசாமி இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தார். கட்டில் ஆடுகிற அளவுக்கு உடம்பு உதறியது. ஜன்னலில் தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் காய்ச்சல் மாத்திரை அட்டை கிடந்தது. பாதிக்கு மேல் காலி.

"எப்ப இருந்து மாமா?"

"நேத்துச் சாயங்காலம் லேசா இருந்துது. மாத்தர போட்டா உடுது. பொறவு வருது."

"எங்கிட்ட ஏனுங் சொல்லல?"

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"என்னையக் கண்டாலே உனக்குக் கொமட்டுது. உன்னையக் குத்தஞ் சொல்லல அம்மணி. பெத்த மகளா இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். இன்னும் எத்தனைக்குத்தான் உன்னைய இழுக்கறது?"

யுவஸ்ரீ கட்டிலருகில் வந்து அவர் நெற்றியில் கையை வைத்தாள். தோசைக்கல் மாதிரி கொதித்தது.

"தொடாத. உனக்கு வேண்டாம்."

"மாமா, நான் முழுகாம இருக்கறேனுங்."

உதறல் ஒரு கணம் நின்றது போலிருந்தது. தங்கசாமி மெல்லத் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு நெற்றியிலிருந்த அவள் கையைத் தன் இரண்டு கையாலும் எடுத்து, உடைந்துவிடக்கூடிய எதையோ இறக்கி வைப்பது போல அவள் பக்கமே விட்டார்.

"அந்த நர்சுப் பொண்ணு கேட்டப்ப நானே இல்லைன்னு சொல்லீட்டனே" என்றார்.

"நானும் சொல்லலீங்களே."

"அன்னைக்கு வாய்க்கால்ல நீ…"

"அதுக்குத்தானுங். உங்களைக் கண்டு இல்லீங் மாமா. சத்தியமா இல்லீங்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோரம் நனைந்தது. அது காய்ச்சலாகவும் இருக்கலாம். யுவஸ்ரீ அதற்கு மேல் நிற்கவில்லை. உள்ளே ஓடிப்போய் மருத்துவமனைத் தாள்களையும் கார் சாவியையும் எடுத்து வந்தாள்.

தங்கசாமி கம்பளியோடு தானே நடந்து வந்து, அவளிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி, பின் சீட்டின் இடது மூலையில் உட்கார்ந்தார். துறையூர் ரோட்டில் ஏறுவதற்கு முன் அவள் வண்டியை நிறுத்தி மருத்துவமனைக்குப் போன் போட்டு, சரிதாவைக் கேட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சேலம் வரைக்கும் வராதீங்க அக்கா" என்றாள் சரிதா. "இப்ப ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். நாமக்கல்லயே பெரிய ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவுக்குப் போங்க. வரிசையில நிக்காதீங்க. 'கீமோ போட்டவர், காய்ச்சல்'னு மொதல் வார்த்தையா சொல்லுங்க. டாக்டர் அங்க பேசிடுவார். முதல் டோஸ் ஆன்டிபயாடிக் ஏறின பிறகு ஆம்புலன்ஸ்ல இங்க கொண்டு வரலாம். எத்தனை மாத்திரை போட்டாருன்னும் சொல்லிடுங்க."

"சரிங்க."

அவள் போனை வைக்கப்போனாள். பின்னாலிருந்து தங்கசாமி பல்லடிக்கக் குரல் கொடுத்தார்.

"சாமி, வெச்சுப்போடாத. ஒண்ணு கேக்கோணும். எங்க ஊட்டுப் புள்ள மாசமா இருக்குது. இப்ப என்னையத் தொட்டுப்போட்டுது. ஒரே காருல வேற வருது. ஒண்ணும் ஆகாதில்ல?"

மறுமுனையில் சரிதா சொன்னாள்.

"இதை நான் அன்னைக்கே கேட்டனேப்பா."

"எனக்குத் தெரியாதுங்க. அந்தப் புள்ளையால சொல்ல முடியல. உடு."

"தொடலாம்பா. பக்கத்துல உக்காரலாம், சேந்து சாப்பிடலாம், அதுல ஒண்ணும் இல்ல. ஊசி போடற நாள்லயும் பிறகு ரெண்டு நாளும் ஒண்ணுக்கு, ரெண்டுக்கு, வாந்தி, அது பட்ட துணி. அதுதான் அக்காகிட்ட வரக்கூடாது. வேற யாராவது கையுறை போட்டுச் செய்யணும். அந்த நாளெல்லாம் தாண்டிப் போச்சு. அக்கா, அன்னைக்கு ஏதாவது தொட்டீங்களா?"

"ஒருக்கா. போர்வையோட முனை. கையுறை போட்டிருந்தேன்."

"அப்ப பயந்துக்காதீங்க. ஆனா பிரசவ டாக்டரைப் பாத்து இதைச் சொல்லிடுங்க. இன்னும் யாரையும் பாக்கலையா?"

"இல்லீங்க."

"பாருங்க. இப்ப வண்டிய எடுங்க."

யுவஸ்ரீ வண்டியை எடுத்தாள். பாக்குமட்டைத் தட்டு ஞாபகம் வந்தது. கண்ணை மறைத்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். முதல் வேகத்தடையில் வண்டி துள்ளியது.

"காச்சல் எனக்குத்தான் அம்மணி. நீ மெதுவாப் போ."

"மெதுவாப் போனா ஆகாதுங் மாமா. நர்ஸ் சொன்னதக் கேட்டீங்கள்ல."

"கேட்டேன். மேடு பள்ளத்துலயாச்சும் நிதானமாப் போ."

அவள் மேடு பள்ளத்தில் நிதானித்தாள். மற்ற இடங்களில் பறந்தாள். நாமக்கல் வருவதற்குள் அவர் பேச்சு குழறத் தொடங்கியது. வசந்தாமணியை ஏதோ கேட்டார். யுவஸ்ரீ கண்ணாடியில் அவரைப் பார்த்து, "தூங்கிராதீங் மாமா, பேசிட்டே வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவசரப் பிரிவில் சரிதா சொன்னபடியே அவள் முதல் வார்த்தையாக அதைச் சொன்னாள். கூட்டத்தை விலக்கி ஸ்ட்ரெச்சர் வந்தது. டாக்டர் ரத்தம் எடுத்துக்கொண்டே மருந்தை ஏற்றச் சொன்னார். ரத்த அழுத்தம் விழுந்திருந்தது. சலைன் பாட்டில் ஒன்றுக்கு இரண்டாக ஏறியது. மதியத்துக்கு மேல் ஆம்புலன்ஸில் சேலம் கொண்டுபோனார்கள். யுவஸ்ரீயைக் கூட ஏற்றிக்கொண்டார்கள். அந்த ஒரு மணி நேரமும் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை கண்ணைத் திறந்து, கை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டார். எடுக்கச் சொல்லவில்லை.

வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய இல்லை என்றார் சேலம் டாக்டர். இன்னும் அரைநாள் போயிருந்தால் என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தனி அறை. முகக்கவசம் போட்டு, கை கழுவி, ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். முதல் இரண்டு நாள் காய்ச்சல் இறங்கவில்லை. மருந்தை மாற்றினார்கள். யுவஸ்ரீ வராந்தாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். உட்காருங்கள் என்று சரிதா அதட்டினாள். உட்கார்ந்தாள், சரிதா திரும்பியதும் எழுந்தாள்.

யுவஸ்ரீ போன் போட்டதும் நவநீதகிருஷ்ணன் கிடைத்த ரயிலில் ஏறி வந்து சேர்ந்தான். நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது. முதலில் அப்பாவைப் பார்த்தான். உள்ளே என்ன பேசினார்களோ, வெளியே வந்ததும் கேட்டான்.

"அப்பன் ஏதோ சொல்லுது. 'நானாச் சொல்லமாட்டேன், உம் பொண்டாட்டியைக் கேளு'ங்குது. என்ன யுவா?"

அவள் சொன்னாள். எதையும் மறைக்காமல், தட்டைப் பற்றியும் சொன்னாள். நவநீதகிருஷ்ணன் வராந்தாச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் கையில் போன் இருந்தது. யுவஸ்ரீ அதையே பார்த்தாள். அவனும் பார்த்தான். பிறகு போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"டாக்டர் சொல்ற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றான். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"உங்களுக்குத்தான் வாய் நிக்காதே."

அவன் சட்டைப் பையை ஒருமுறை தட்டிக் காட்டினான்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. அணுக்கள் ஏற மேலும் பல நாள் பிடித்தது. அடுத்த சுற்று ஊசியைத் தள்ளிவைத்தார்கள். அணுக்கள் சரியான அளவுக்கு வராமல் போடக்கூடாது என்றார் டாக்டர். நவநீதகிருஷ்ணன் ரிக் வண்டியை மானேஜர் பொறுப்பில் விட்டுவிட்டு எருமப்பட்டியிலேயே இருந்தான். அடுத்த சுற்றில் துணி, கழிவறை எல்லாம் தன் வேலை என்று சொல்லி, எப்படிச் செய்யவேண்டும் என்பதைச் சரிதாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். கட்டில் பழைய அறைக்கே வந்தது. மீதி இருந்த பாக்குமட்டைத் தட்டுகளை யுவஸ்ரீ அடுப்பில் போட்டு எரித்தாள்.

ரத்தப் பரிசோதனைக்குச் சேலம் வந்த ஒரு காலையில், அதே அஸ்தம்பட்டியில் ஒரு பிரசவ டாக்டரிடம் அவள் ஸ்கேனுக்குப் போனாள். நவநீதகிருஷ்ணன் அப்பாவின் ரத்த முடிவை வாங்க அந்தப் பக்கம் போயிருந்தான். கூட்டத்துக்குள் வரக்கூடாது என்பதால் தங்கசாமி முகக்கவசத்தோடு காரிலேயே இருந்தார். யுவஸ்ரீ தனியாகப் படுத்தாள். டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. இப்படித்தான் முன்பு இரண்டு முறையும் பேசாமல் இருந்தார்கள். யுவஸ்ரீ கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு டாக்டரம்மா ஒரு பொத்தானை அமுக்கினார். அறை முழுவதும் குதிரை ஓடுவது போல ஒரு சத்தம் நிறைந்தது.

"நல்லா இருக்கு" என்றார். "மருந்து விஷயம் சொன்னீங்கள்ல, அதுக்காகவும் பாத்துட்டேன். இந்த அளவுக்கு எல்லாம் சரியா இருக்கு. அடுத்த மாசம் இன்னொரு ஸ்கேன் பாக்கணும்."

இந்த அளவுக்கு. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே அவள் வெளியே வந்தாள். இன்னும் எத்தனையோ வாரம் கிடக்கிறது. வீட்டுக்குப் போனதும் மறுபடி பாத்ரூமுக்குப் போய்ப் பார்க்கத்தான் போகிறாள். அதை நிறுத்த முடியாது.

கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தங்கசாமி ஏற்காடு ரோட்டில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வருவதைக் கண்டு முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார். அவள் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"துடிப்பு கேக்குதுங் மாமா."

அவர் தலையை ஆட்டினார். நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ், பின்னால் இரண்டு மூன்று ஸ்கூட்டர் போயின.

"பசிக்குது" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் வாயில் அந்தச் சொல் வந்தது. "உம் புருசன் வரட்டும். எங்காச்சும் சுடச்சுட இட்லி கெடைக்குமான்னு பாருங்க. வேகாத சட்னி எனக்கு இப்ப ஆகாதுன்னாரு டாக்டரு. சாம்பார் கொதிக்கக் கொதிக்க வாங்கிட்டு வரச் சொல்லு."

"எத்தனை இட்லிங் மாமா?"

"எனக்கு ரெண்டு. உனக்குச் சேத்து வாங்கச் சொல்லு."

யுவஸ்ரீ நவநீதகிருஷ்ணனுக்குப் போன் போட்டாள்.